புதுச் சரக்கும் கூலிக்காரர் காசும்

நம் கல்லூரியில் பயின்று வெளியேறும் மாணவருள் உத்தியோகம் தேடுவேன் என்பார் பலர். ஒரு சரக்கைச் செய்து சந்தைக்குக் கொண்டுபோவேன் என்பாரை யான் கண்டதில்லை. அவ்வாறு ஒருவன் கூறுவானாயின், பெற்றோர் முதலாக யாவரும் "முதல் எங்கே?" என்றே வினவுவர். முதலின்மை மெய்யான இடர்தான். எனினும் அதற்கு முன்னே கேட்கத்தக்க வினா ஒன்றுண்டு. வாங்குவோர் கையில் இன்று எத்தனை காசு உள்ளது என்பதே அது. இதனைக் கேளாமையாலேயே சிறு வணிகர் பலர் கைப்பொருள் இழக்கின்றனர் என்பது என் கருத்து.

குன்னத்தில் என் அத்தையார் செய்த முயற்சியால் இதனைக் கண்கூடாக அறிந்தேன். எங்கள் பெரம்பலூர் மாவட்டம் சின்ன வெங்காயத்திற்குப் பேர்போனது. விலை வீழ்ந்தால் மூட்டைகள் கிடந்து அழுகும். அங்ஙனம் அழுகவிருந்த இரண்டு மூட்டையை அவர் வாங்கி, இடித்து, உளுந்தும் கடுகும் சீரகமும் வெந்தயமும் பூண்டும் கூட்டி, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டிப் பங்குனி வெயிலில் காயவைத்துத் தாளிப்பு வடகம் ஆக்கினார். வடகம் புதிதன்று, அதனைக் கடையில் காசு கொடுத்து வாங்குவதே எங்கள் தெருவுக்குப் புதிது. அரைக்கிலோப் பொதிகளாகக் கட்டிக் கடைகளில் வைத்தார். ஒரு திங்கள் கழித்துப் பொதிகள் பெரும்பாலும் வைத்தபடியே திரும்பின. "சரக்கு நல்ல சரக்குதான் அம்மா. அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் உலை வைக்கிற சனம் ஒரே நாளில் இவ்வளவு கொடுத்து எப்படி வாங்கும்?" என்றார் ஒரு கடைக்காரர். அத்தையார் அன்றிரவு உண்ணவில்லை. தோட்டை அடகு வைத்த பணம் அதில் இருந்தது.

அக்கடைக்காரர் கூறியதையே எங்கள் அண்டை மாவட்டமாகிய கடலூரில் ஒருவர் நெடுநாள் முன்னரே உணர்ந்திருந்தார். சின்னி கிருஷ்ணன் என்னும் அவர், வாசனைப் பவுடர் தகர டப்பாக்களில் விற்ற காலத்தில் அதனைச் சிறு பொட்டலமாக்கினார்; பேதியுப்பை ஐந்து கிராம் அளவில் உறையிட்டார். கூலியாளும் ரிக்‌ஷாக்காரரும் வாங்கத்தக்கதாய்த் தம் சரக்கு இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் மைந்தர் சி. கே. ரங்கநாதன் 1983-ஆம் ஆண்டில், உடன்பிறந்தாரின் தொழிலினின்று பிரிந்து, 15,000 ரூபாய் முதலுடன் 'சிக்' என்னும் ஷாம்புவைச் சிறு பாக்கெட்டுகளில் அடைத்து விற்கத் தொடங்கினார். ஈடு காட்டச் சொத்தின்மையால் வங்கிக் கடன் கிடைக்கச் சில ஆண்டுகள் ஆயின. அக்காலத்தே சிற்றூர் மக்கள் பலர் ஷாம்புவைக் கண்டறியார். ஆகவே அவருடைய ஆட்கள் ஊர்தோறும் சென்று, ஒரு சிறுவன் தலையைக் கழுவிக் காட்டி, கூடியிருந்தாரைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் செய்தனர். ரஜினிகாந்த் படம் காட்டி இடையே விளம்பரமும் செய்தனர். எந்தக் கம்பெனியின் பாக்கெட்டாயினும் வெற்றுறை ஐந்து கொணர்ந்தால் ஒரு 'சிக்' இலவசம் என்றனர். பின்னர்ச் 'சிக்' உறைகளையே ஏற்றனர். 1998-இல் அந்நிறுவனம் 'கெவின்கேர்' எனப் பெயர் பெற்றது. அழகு எனப் பொருள்படும் 'கவின்' என்னும் நம் தமிழ்ச் சொல் அப்பெயருள் இருத்தல், தமிழ் பயில்வோனாகிய எனக்குச் சிறிது பெருமையே.

தமிழ் பயில்வோனுக்கு வணிகப் பேச்சு எதற்கென்று என் நண்பர் சிலர் நகைப்பர். பெரும்பாணாற்றுப்படையில் மோர் விற்கும் ஆய்மகள் வருவதை அவர் மறந்தனர் போலும். அவள் மோருக்குத் தானியம் பெற்றுச் சுற்றத்தை உண்பிக்கின்றாள்; நெய்க்குப் பொன் தரினும் கொள்ளாது எருமையையும் பசுவையும் வாங்குகின்றாள். ஈட்டியதை மீண்டும் முதலாக்கும் இச்செயலை எக்கல்லூரி அவளுக்குக் கற்பித்தது? தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியக்காரனைப் பற்றி நம் சிற்றாலயத்தில் பலமுறை கேட்டும், பட்டத்தைச் சட்டத்துள் மாட்டிவைத்துக் காத்திருப்பது ஏனோ, அறியேன்.

சிறு பாக்கெட்டினால் தீங்கு இல்லையோ எனின், உண்டு. சீயக்காய் கொண்டு குளித்தவரை ஷாம்புவுக்கு இழுத்தது என்பர் சிலர். அதனை யான் பெரிதாய்க் கொள்ளேன். குளிப்பவரே தேர்ந்துகொள்க. ஏரிக்கரையில் மின்னிக் கிடக்கும் வெற்றுறைகளையோ அவ்வாறு தள்ளல் இயலாது. அவை மட்குவதில்லை; பல அடுக்கினவாதலால் பொறுக்குவோரும் தொடார். பிளாஸ்டிக் உறையிடுவோரே அதனைத் திரும்பப் பெறப் பொறுப்பாளர் என்று 2016-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. ஐந்து வெற்றுறைக்கு ஒன்று இலவசம் என்று கூறிச் சந்தையைப் பிடித்த வழியே, அவற்றைத் தெருவினின்று மீட்கவும் வழியாகலாமே! விற்பதற்கு ஆன சூழ்ச்சி துப்புரவுக்கு ஆகாதோ?

அத்தையார் இப்போது ஒரு நாள் குழம்புக்குப் போதுமான இரண்டே உருண்டையைப் பொட்டலமாக்கிப் பத்து ரூபாய்க்கு விற்கின்றார். மூன்று கடைகளில் அவை சரமாகத் தொங்குகின்றன. அடகு வைத்த தோடு இன்னும் மீளவில்லை. வட்டி மட்டும் தவறாது கட்டப்படுகின்றது. உறையைத் தாளினால் செய்யுங்கள் என்றேன். "மழைக்காலத்தில் ஈரம் ஏறி வடகம் பூத்துப்போனால் நீ வாங்கிக்கொள்வாயோ?" என்றார். மந்தாரை இலையில் மடித்துப் பார்ப்பதாய் இப்போது இருவரும் பேசியிருக்கின்றோம்.