களை எது? பயிர் எது?

வீட்டுக் கம்ப்யூட்டர் ஆமை போல நகர்கிறதா? "இடம் இல்லை" என்கிறதா? வேண்டாததை நீக்கத்தான் வேண்டும். ஆனால், களை எடுக்கப்போய்ப் பயிரைப் பிடுங்கிவிடக் கூடாது!

முதல் வேலை, பிரதி எடுப்பது. கல்யாணப் படம், பிள்ளைகளின் சான்றிதழ், வீட்டுப் பத்திரம் ஆகியவற்றுக்கு இன்னொரு பிரதி வெளியே இருக்கட்டும்.

பழைய மென்பொருளை எப்படி எடுப்பது? அதன் போல்டரை மட்டும் அழித்தால் போதாது. வேர் பல இடங்களில் ஓடியிருக்கும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் 'செட்டிங்ஸ்' சென்று, 'ஆப்ஸ்' பட்டியலில் அதன் பெயரைத் தேடி, 'அன்இன்ஸ்டால்' கொடுப்பதே முறை.

'விண்டோஸ்' என்ற போல்டரில் மட்டும் கை வைக்கக் கூடாது. அது வீட்டின் அஸ்திவாரம்!

பழையதை அப்படியே விட்டு வைப்பதும் ஆபத்து. 'பிளாஷ் பிளேயர்' ஒருகாலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. 2020 டிசம்பர் 31-ந்தேதியோடு அடோபி நிறுவனம் அதைக் கைவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. "நீக்கிவிடுங்கள்" என்று நிறுவனமே சொன்னது.

இன்னொன்று. அழித்த பைல் உடனே மறைவதில்லை. முதலில் 'ரீசைக்கிள் பின்' என்ற குப்பைக் கூடைக்குப் போகிறது. தவறி அழித்தவர்கள் அங்கிருந்து மீட்கலாம். கூடையைக் காலி செய்த பிறகும், ஹார்ட் டிஸ்க்கில் அந்த இடத்தில் வேறொன்று பதியும் வரை, விவரம் தெரிந்தவர்கள் அதைத் தோண்டி எடுக்க முடியும்!

ஆகவே, பழைய கம்ப்யூட்டரை விற்கும் முன், 'ரீசெட்' வசதியைக் கொண்டு டிரைவ் முழுவதையும் துடைக்க வேண்டும். கம்ப்யூட்டர் கைமாறலாம், குடும்பத்தின் ரகசியம் கைமாறக் கூடாது!