யந்திர விஷயம்: டிஸ்ட்ரிபியூட்டரின் பெயரறிந்து கை வைத்தல்

பழைய மோட்டார் வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் சிலர், எஞ்சின் ‘மிஸ்ஸிங்’ ஆவதற்கும், மேட்டில் ஏறுகையில் கூழாங்கற்களை டப்பாவிலிட்டுக் குலுக்கினாற் போல் ஓசை எழுவதற்கும் காரணம் கேட்டிருக்கிறார்கள். இத்தகைய தொல்லைகளில் பலவற்றுக்கு மூலஸ்தானம் ஒன்றே. எஞ்சினின் பக்கத்தில், தலையில் ஐந்து தடித்த கம்பிகள் முளைத்தாற் போல் நிற்கும் டிஸ்ட்ரிபியூட்டரே அது. இம்மாதம் அதனைப் பற்றியே எழுதுகிறோம்.

டில்லிவாசிகளுக்கு இவ்விஷயத்தில் ஓர் அவசரமும் உண்டு. பதினைந்து ஆண்டு கடந்த வண்டிகள் இந்நகரில் ஓடலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-ல் உத்தரவிட்டது. பெட்ரோல் வண்டிகளைப் பொறுத்தமட்டில் அவ்வரம்பை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் கிடைத்த தளர்வும், பாரத் நிலை-4க்கு முற்பட்ட வண்டிகளுக்கு அவ்வாண்டு டிசம்பரில் இல்லையென்றாயிற்று. ஆகவே நம் லக்ஷ்மிபாய் நகர்ப் பக்கத்தில் தகப்பனார் காலத்து அம்பாஸடரையோ ஃபியட்டையோ உறையிட்டு நிறுத்தியிருக்கும் குடும்பங்களுக்கு எஞ்சியுள்ள வழிகள் சிலவே. தடையின்மைச் சான்று பெற்றுச் சொந்த ஊருக்கு அனுப்பி அங்கே மறுபதிவு செய்யலாம். ஐம்பது ஆண்டு நிறைந்த வண்டியானால், 2021-ல் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி ‘விண்டேஜ்’ எனப் பதிந்து, கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு மாத்திரம் எடுக்கலாம். இரண்டும் இயலாவிடில் காயலான் கடைதான். முதல் இரண்டு வழிகளுக்கும் எஞ்சின் ஒழுங்காக ஓடியாக வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டரின் தொழில் யாது? பாட்டரியின் 12 வோல்ட்டைக் கொண்டு பெட்ரோல் ஆவியைக் கொளுத்த முடியாது. அதனைக் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. ஆனால் காயிலுக்குச் செல்லும் மின்சாரம் திடீரெனத் தடைப்படும் கணத்தில்தான் அவ்வுயர்வு உண்டாகும். அத்தடையை உரிய கணத்தில் உண்டாக்குவது பாயிண்ட். அதனால் பிறந்த மின்சாரத்தை 1, 3, 4, 2 என்ற வரிசையில் நான்கு பிளக்குகளுக்கும் பங்கிட்டு அனுப்புவது ரோட்டார். அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் வகுத்த இம்முறை 1910-ல் காடிலாக் வண்டியில் இடம் பெற்றது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால், பாயிண்ட் விநாடிக்கு 100 தடவை திறந்து மூட வேண்டும். இவ்வளவு வேலை செய்யும் உறுப்பு தேயாமல் இருக்குமா?

வேகம் கூடக் கூடப் பொறியும் சற்று முந்தி விழவேண்டும். அதற்கென அடித்தட்டின் கீழ் இரு சிறு எடைகளும் ஸ்பிரிங்குகளும் உள்ளன. கார்புரேட்டரிலிருந்து வரும் மெல்லிய குழாயும், அதன் முனையிலுள்ள வாக்குவம் டப்பாவும் எஞ்சினின் பாரத்துக்கேற்பப் பொறியை முந்தச் செய்கின்றன. ஸ்பிரிங்கின் வலுவும் டப்பாவின் அளவும் எஞ்சினுக்கு எஞ்சின் மாறுபடும். வெளித் தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகளாயிருக்கும் இரு டிஸ்ட்ரிபியூட்டர்கள் உள்ளே வெவ்வேறு குணமுடையனவாயிருத்தல் கூடும் என்பதை நேயர்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறோம்.

எனவே முதற் காரியம், திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுத் துணியெடுத்து உடலைத் துடைத்தல். லூகாஸ் வகையில் பக்கவாட்டிலேயே எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். அம்பாஸடரின் 1,489 சி.சி. எஞ்சினைச் சேர்ந்த பி.எம்.சி. ‘பி’ வரிசையில் 25டி4 என்னும் வகை பரவலாக இருந்தது. கடைசி எண் சிலிண்டர்களின் தொகை. அதனையடுத்துள்ள ஐந்திலக்க எண்ணே அதன் உண்மையான பெயர். இன்ன எஞ்சினுக்கு, இன்ன ஸ்பிரிங்குகளோடு செய்யப்பட்டது என்பதை அவ்வெண்ணே சொல்லும். பக்கத்தில் ‘10 67’ என்றிருந்தால் 1967-ஆம் ஆண்டின் பத்தாவது வாரத்தில் உருவானது என்று கொள்க. வாக்குவம் டப்பாவில் ‘5-13-10’ என்பது போன்ற மூன்று எண்கள் இருக்கலாம். ஐந்து அங்குலப் பாதரச அளவில் இழுக்கத் தொடங்கி, பதின்மூன்றில் முடித்து, பத்து டிகிரி முந்தும் என்பது அதன் பொருள். டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பாதி வேகத்தில் சுழலுவதால், அப்பத்து டிகிரி கிராங்க்கில் இருபதாகும். பின்னர் வந்த 45டி4 வகையில், 25டி4-ல் உள்ள திருகு குமிழ் கிடையாது. அதன் பாயிண்டும் வேறு.

நம் நாட்டில் இவற்றைச் செய்ய லூகாஸ் கம்பெனியும் டி.வி.எஸ். நிறுவனத்தாரும் கூடி 1961-ல் லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கினர், சென்னை பாடியில் அதன் தொழிற்சாலை எழுந்தது. திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார், மோட்டார்த் தொழிலில் இறங்குமுன் சிலகாலம் ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தவர் என்பது எம்போன்றோர்க்குப் பெருமை.

எண்ணைப் பாராமையால் விளைவதென்ன? சமீபத்தில் நம் பேட்டையில் நடந்ததைக் கூறுவோம். ஓர் அம்பாஸடரில் வேகத்தில் ஓசை எழுந்தது. பட்டறையொன்றில் டைமிங்கைச் சோதித்துச் சரியென்றனர். பிஸ்டன் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும் என்றனர். அச்செலவுக்கு அஞ்சி, ஊரில் முதிய தாயார் காத்திருந்த அவ்வண்டியைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுக்கப் பேச்சும் முடிந்திருந்தது. எண்ணைத் துடைத்துப் பார்த்தபோது, பொருந்தியிருந்த டிஸ்ட்ரிபியூட்டர் வேறோர் எஞ்சினுக்குரியது எனத் தெரிந்தது. ஸ்பிரிங்குகள் தளர்ந்த இனம். ஆதலால் மெதுவான ஓட்டத்தில் டைமிங் சரியாகவும், வேகத்தில் அளவுமீறி முந்தியதாகவும் இருந்தது. பழையது டிக்கியில் கந்தைத் துணிக்குள் கிடந்தது. அதில் பழுது வாக்குவம் டப்பாவின் கிழிந்த சவ்வு ஒன்றுதான். அதே எண்ணுள்ள டப்பா மாற்றிப் பொருத்தியதும் ஓசை அடங்கிற்று. வண்டி இப்போது திருச்சியில் இருக்கிறது.

இனி, சீர் செய்யும் முறை. வரிசை மாறலாகாது.

முதலில் ரோட்டாரைக் கழற்றி, தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க. ஆட்டம் மிகுந்தால் புஷ் தேய்ந்தது. அதனைச் சரிசெய்யாமல் பாயிண்டை எத்தனை முறை வைத்தாலும் நிலைக்காது. மூடியின் உட்புறத்தில் கரிக்கோடு ஓடியிருந்தால் மூடியை மாற்றுக. வாக்குவம் குழாயை வாயால் உறிஞ்சினால் தட்டு நகர்ந்து, உறிஞ்சுமளவும் நிற்கவேண்டும்.

இரண்டாவது, பாயிண்ட் இடைவெளி. பாயிண்டின் குதி காமின் உச்சியில் நிற்கும்படி எஞ்சினைத் திருப்பி, ஃபீலர் கேஜால் அளக்க. 25டி4-க்கு 0.014 முதல் 0.016 அங்குலம், அதாவது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். ஃபியட்டுக்கு அதன் கையேட்டு அளவையே கொள்க. பாயிண்டின் ஒரு முகத்தில் குழியும் மறுமுகத்தில் மேடும் மிகுந்திருந்தால் கண்டென்சரைச் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாவதுதான் டைமிங். இடைவெளி பெருத்தால் பாயிண்ட் முன்னதாகத் திறக்கும். சிறுத்தால் பின்னதாகத் திறக்கும். ஆதலால் டைமிங்கை வைத்துவிட்டு இடைவெளியைத் தொட்டவன், செய்த வேலையைத் தானே கலைத்தவனாவான். ரேடியேட்டரை அடுத்துள்ள முதல் சிலிண்டர் அழுத்தத்தில் இருக்கும்போது, புல்லியின் வெட்டைக் கையேட்டில் சொன்ன டிகிரிக்குரிய முனைக்கு நேரே கொணர்க. காயிலிலிருந்து பாயிண்டுக்கு வரும் கம்பிக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே 12 வோல்ட் சிறு பல்பை இணைத்துச் சாவியைப் போடுக. டிஸ்ட்ரிபியூட்டர் உடலை மெல்லத் திருப்ப, பல்பு எரியத் தொடங்கும் இடமே பாயிண்ட் திறக்கும் இடம். அங்கே இறுக்குக. ரோட்டார் சுழலும் திசைக்கு எதிராக உடலைத் திருப்பினால் பொறி முந்தும். அதே திசையில் திருப்பினால் பிந்தும்.

கடைசியில் ஸ்ட்ரோப் விளக்கு உள்ளவர்கள், வாக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, வேகத்தைப் படிப்படியாக உயர்த்திப் பார்க்க. குறி தடங்கலின்றி நகர்ந்து, வேகம் இறங்கியதும் பழைய இடத்துக்கு மீள வேண்டும். மீளாவிடில் எடைகள் துருப்பிடித்து ஒட்டியிருக்கின்றன. சிறிது எண்ணெய் கேட்கின்றன.

பொறி மிக முந்தினால் பிஸ்டனுக்குச் சேதம். மிகப் பிந்தினால் எஞ்சின் சூடேறும், பெட்ரோல் வீணாகும். பொறி தவறிய சிலிண்டரோ எரியாத பெட்ரோலைப் புகைக்குழாய் வழியே வெளியே தள்ளும். அக்காற்றைச் சுவாசிப்பவர்கள் நம் குழந்தைகளே. பழைய வண்டியை வைத்துக்கொள்ள விரும்புவோர்க்கு அதனைச் செவ்வனே எரியச் செய்யும் கடமையும் உண்டு.

பாயிண்டைக் காதால் கேட்டே குறை சொல்லும் மெக்கானிக்குகள் நகரில் அருகி வருகிறார்கள். எனவே உங்கள் டிஸ்ட்ரிபியூட்டரின் எண்களைப் பதிவுப் புத்தகத்தோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். உதிரிபாகம் வாங்கக் காஷ்மீரி கேட்டுக்குப் போனாலும், ஊரில் மைத்துனரிடம் வண்டியை ஒப்படைத்தாலும் அத்தாளும் கூடச் செல்லட்டும். அடுத்த இதழில் கார்புரேட்டரைப் பார்ப்போம்.