தொழிலும் நாமும்: உபகொந்தராத்துக்காரர் விபரக் கொப்பி

ஒன்ராறியோவில் வீட்டுக் கொந்தராத்து எடுக்கும் அன்பர்களே! உபகொந்தராத்துக்காரரை "பைப் அண்ணை", "வயறிங் தம்பி" என்று தொலைபேசியில் மட்டும் பதிந்து வைப்பது போதாது. கொப்பியில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, பதிவுப் பெயர், முகவரி, அவசர இலக்கம் எழுதுங்கள். வயறிங் செய்பவரின் லைசன்ஸ் இலக்கமும் வேண்டும். 2007 முதல் அது கட்டாயம்.

இவற்றிலும் முக்கியம், வேலையிற் காயப்பட்டோருக்கு நட்டஈடு கொடுக்கும் டபிள்யூ.எஸ்.ஐ.பி. தரும் கிளியரன்ஸ். அதன் இலக்கத்தையும் முடிவுத் திகதியையும் குறியுங்கள். கூடியது 90 நாட்களே அது செல்லுபடியாகும். திகதி கடந்தும் அவரை வேலைக்கு விட்டால், அவர் கட்டாத கட்டணம் உங்கள் தலையில் விழலாம். மாதம் ஒருமுறை கொப்பியைப் புரட்டுங்கள். பிரதியொன்று வீட்டிலும் இருக்கட்டும். தொலைபேசி தொலைந்தாலும் வேலை நிற்காது.