பழகியது உடம்பல்ல

மருதமுனையில் போன கிழமை ஒரு மௌத்து வீட்டுக்குப் போயிருந்தேன். சீனி வருத்தக்காரர். காற்புண்ணோடு வாட்டில் இருந்தவர், கிருமி இரத்தத்தில் ஏறி மௌத்தானார். கதிரையில் இருந்தவர்கள் ஒரே பேச்சில் காரணத்தை முடித்துவிட்டார்கள்: "அன்டிபயோடிக் போட்டுப் போட்டு ஒடம்பு பழகிட்டு. அதான் ஊசி கேக்கல்ல." படித்தவர்களும் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மௌத்தான மனிசனின் உடம்பின் மேலேயே பழியைப் போட்டுவிட்டு எழும்பிப் போவது என்ன நியாயம்?

உடம்பு பழகுவதில்லை. மாறுவது கிருமி. நோயாளி கட்டிலில் படுத்திருக்க, சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே மாறுகிறது.

2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஓர் இதய நோயாளியின் இரத்தத்தில் ஸ்டெஃபிலோகொக்கஸ் ஓரியஸ் கிருமி இருந்தது. வென்கோமைசின் என்ற அன்டிபயோடிக்கை ஏற்றினார்கள். ஏறத்தாழ மூன்று மாதங்களில் அடுத்தடுத்து எடுத்த இரத்தத்திலிருந்து கிருமியைப் பிரித்து வைத்தார்கள். ரொக்கஃபெல்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதற்கிருமியின் மரபணுத் தொகுதியையும் கடைசிக் கிருமியினதையும் முழுதாக வாசித்து 2007இல் வெளியிட்டார்கள். 35 இடங்களில் மாற்றம். முதற்கிருமி வென்கோமைசினுக்கு அடங்கியது, கடைசிக் கிருமி அடங்கவில்லை. அதைவிடப் பெரியது ஒன்று உண்டு: டெப்டோமைசின் என்ற மருந்து அவருக்குக் கொடுக்கப்படவே இல்லை. அதையும் அந்தக் கிருமி தாங்கத் தொடங்கியிருந்தது. காணாத மருந்துக்கு உடம்பு எப்படிப் பழகும்?

கோடிக்கணக்கில் பெருகும் கிருமிகள் தம்மைப் பிரதியெடுக்கையில் பிழைவிடும். பெரும்பாலான பிழைகள் ஒன்றுக்கும் உதவாதவை. ஏதோ ஒன்று மருந்தைத் தாங்க உதவும். மற்றவற்றை மருந்து கொன்றுவிட, புண்ணில் இடமும் உணவும் அந்த ஒன்றின் வாரிசுகளுக்கே மிஞ்சும். சில கிருமிகள் அந்த வல்லமையை அயல் கிருமியிடமிருந்தே வாங்கிக்கொள்ளும். புதுடில்லியில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒருவரின் குளெப்சியெல்லா கிருமியில் 2008இல் பிடிபட்ட, மருந்தைத் தாங்கவைக்கும் என்.டி.எம்.-1 மரபணு, அதே மனிதரின் குடலிலிருந்த ஈ. கோலையிலும் இருந்தது. இதில் எங்கே உடம்பு பழகியது?

இந்தப் பேச்சு வெறும் அறியாமையாக இருந்தால் விட்டுவிடலாம். இது ஆட்களைக் கொல்கிறது. உடம்புதான் காரணம் என்று நம்புகிறவருக்குக் கை கழுவ ஏன் தோன்றும்? ஐந்து வேளையும் ஒழுச் செய்து முழங்கை வரை கழுவுகிற நாம், வாட்டுக்குள் கூட்டமாக நுழைந்து, கட்டிலில் ஏறி இருந்து, புண் கட்டைத் தொட்ட கையாலேயே அடுத்த கட்டில்காரருக்கு முஸாபஹா செய்கிறோம். அவர் வாழ்நாளில் ஒரு குளிசை விழுங்காதவராக இருக்கலாம். மாறிய கிருமி தொற்றினால் அவருக்கும் அந்த ஊசி கேட்காது. அப்போதும் ஒடம்பு பழகிட்டு என்பீர்களா? டெப்டோமைசினைத்தான் திரும்பவும் கேட்கிறேன்: காணாத மருந்துக்கு எப்படிப் பழகும்?

பாமசியில் இன்னொரு கொடுமை. டொக்டரின் துண்டு இல்லாமல் அன்டிபயோடிக் விற்பது சட்டத்துக்கு மாறு. "பவரானதாத் தாங்க தம்பி" என்றால் கை நீளுகிறது. தடிமனுக்கும் டெங்குவுக்கும் வைரஸ் காரணம், அன்டிபயோடிக் அவற்றைத் தொடாது. செனல் பண்ணிப் போன இடத்தில் இதைச் சொல்லி வெறும் பரசிட்டமோல் எழுதிய டொக்டரை, ஒன்றும் தெரியாதவர் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறோம். கேட்டதையெல்லாம் எழுதிக் கொடுப்பவரின் வாசலில் வரிசை நீளுகிறது. இரண்டு நிமிடத்தில் நோயாளியை அனுப்பும் அவரிடம் எந்த ஆராய்ச்சியை எதிர்பார்க்கலாம்?

உங்கள் உம்மாவோ வாப்பாவோ வாட்டில் கிடந்து ஊசி கேட்கவில்லை என்று சொன்னால், உடம்பைப் பற்றிப் பேசாதீர்கள். கல்ச்சருக்கு அனுப்பினீர்களா, என்ன கிருமி வந்தது, எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று கேளுங்கள். டொக்டர் எரிச்சல்படலாம், நேர்ஸ் முறைக்கலாம். ரிப்போட் வரும்வரை கேளுங்கள்.