தபால் அட்டைகள்

பிரெஞ்சு ஓவியர் பால் சின்யாக்கின் (1863–1935) துறைமுக நீர்வண்ண ஓவியங்களைத் ‘தபால் அட்டைகள்’ என்று ஒதுக்குவது நம் வட்டத்தில் ஒரு நாகரிகமாகிவிட்டது. புள்ளி புள்ளியாக அவர் தீட்டிய எண்ணெய் ஓவியங்களில்தான் சித்தாந்தம் இருக்கிறதாம்.

சித்தாந்தத்துக்கு அவரிடம் பஞ்சமில்லை. வண்ணங்களைக் கலக்காமல் பிரித்து வைக்கும் முறைக்காக வாதாடி 1899இல் ஒரு புத்தகமே எழுதியவர். ஆனால் 1929இல், அறுபத்தைந்து வயதில், பிரான்சின் நூறு துறைமுகங்களை வரையக் கிளம்பியபோது நீர்வண்ணத்தைத்தான் எடுத்துக்கொண்டார். விரைந்த கோடுகளில் பாய்மரமும் கரையும். அவற்றின்மேல் கொஞ்சம் நீலம், கொஞ்சம் மஞ்சள். மிச்சம் விட்ட வெற்றுக் காகிதமே வெளிச்சம். புள்ளிகளை அடுக்க அறைக்குள் மாதக்கணக்கில் அவகாசம் உண்டு, படகு காத்திருக்காது. தானே பாய்மரப் படகு ஓட்டியவருக்கு இது தெரியும். சித்தாந்தத்தை அவர் துறக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் நிற்க விடவில்லை, அவ்வளவுதான்.

நாம்? தஞ்சாவூரில் பஸ் ஏறினால் அரை நாளைக்குள் நாகப்பட்டினம். ஒரு காலத்தில் பினாங்குக்குக் கப்பல் போன துறை. 2004 டிசம்பரில் கடல் ஏறிவந்து ஊரை வாரிக்கொண்டு போன கரை. நம் கவிதைகளிலோ கடல் இன்னும் ‘இருத்தலின் படிமம்’. கடுவையாற்று முகத்தில் நிற்கும் ஒரு படகுக்கு என்ன நிறம் என்று அவற்றைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. பாங்கு வேலையாக அங்கே போய், துறைப்பக்கம் தலைகாட்டாமலே திரும்பியவன்தான் நானும்.

தபால் அட்டை என்று இளக்காரம் பேசுகிறவர்கள், முதலில் ஒரு தபால் அட்டை அளவுக்காவது பார்க்கட்டும்.