மிதிவண்டிச் செலவும் நாட்டறிவும்

'செலவு' என்னும் சொல் பழந்தமிழில் பயணத்தைக் குறித்தது. இந்நாளில் அது பணம் கைவிட்டுப் போதலையே பெரும்பாலும் குறிக்கின்றது. சொல்லின் பொருள் மாறியது போலவே செல்லும் முறையும் மாறிவிட்டது. ஓரூரினின்று மற்றோரூர்க்குப் போவார்க்கு இடைப்பட்ட நாடெல்லாம் விரைந்து கழிக்க வேண்டிய தொல்லையாகத் தோன்றுகின்றது. "எத்தனை மணி நேரத்தில் வந்தீர்?" என்று கேட்பார் பலர், "வழியில் என்ன கண்டீர்?" என்று கேட்பார் மிகச் சிலர். மிதிவண்டியில் மெல்லச் செல்லும் செலவோ பழம்பொருளில் மிகுந்தும் புதுப்பொருளில் குறைந்தும் இருப்பது. அதனை மாணவர் மீண்டும் கைக்கொள்ளல் வேண்டும். தமிழ் பயில்வார்க்கு அது பாடத்தின் ஒரு பகுதியாகவே அமைதல் வேண்டும். இதுவே இக்கட்டுரையில் யாம் நிறுவ முயல்வது.

மிதிவண்டியின் வரலாறு நீண்டதன்று. ஜெர்மனி நாட்டுக் கார்ல் டிரைஸ் என்பார் 1817இல் செய்த வண்டிக்கு மிதிகட்டையே இல்லை; அமர்ந்தவர் காலால் நிலத்தை உந்திச் சென்றார். 1885இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பார், ஏறக்குறைய ஒத்த அளவினவாகிய இரண்டு உருளைகளும் பின்னுருளையை இயக்கும் சங்கிலியும் உடைய வண்டியை அமைத்தார். 1888இல் டன்லப் என்பார் காற்றடைத்த டயரை அதற்கெனச் செய்தார். அதன்பின் ஆற்றங்கரையும் காடும் சிற்றூரும் காண மிதிவண்டியிற் செல்லுதல் ஆங்கில நாட்டில் பெருவழக்காயிற்று. அதற்கென ஒரு கழகம் அங்கு 1878இலேயே தோன்றியிருந்தது. நம் நாட்டினரும் பின்தங்கினாரல்லர். 1923இல் பம்பாயினின்று புறப்பட்ட பார்சி இளைஞர் அறுவருள் மூவர் உலகைச் சுற்றி 1928இல் மீண்டனர். அவர்தம் ஊக்கம் போற்றுதற்குரியது. ஆயினும் யாம் ஈண்டுப் பேசுவது அத்தகைய அருஞ்செயலைப் பற்றியன்று. முந்துதலும் வெல்லுதலும் இல்லாது, நின்று நின்று செல்லும் எளிய செலவைப் பற்றியே.

அச்செலவின் சிறப்பு அதன் வேகத்தில் உளது. நடப்பவர் மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் கடப்பர்; நன்கு காண்பர், ஆயின் நெடுந்தொலைவு செல்லார். பேருந்தில் அமர்ந்தவர் நெடுந்தொலைவு செல்வர். காண்பது சாளரத்தில் ஓடும் பச்சை நிறம் ஒன்றே. மிதிவண்டியில் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் செல்வார்க்குத் தொலைவும் கிட்டும், காட்சியும் கிட்டும். நினைத்த இடத்தில் காலை ஊன்றினால் வண்டி நிற்கும். எதிர்ப்படுவாருடன் பேசலாம்; அவரும் அஞ்சாது பேசுவர். மேடு எது, பள்ளம் எது என்பதைக் கண்ணுக்கு முன் கால் அறியும்.

சென்ற தை மாதத்தில் யாம் நண்பர் நால்வர் சேலத்தினின்று இவ்வாறு புறப்பட்டோம். சேர்வராயன் மலையில் தோன்றிச் சேலம் நகரின் நடுவே வரும் திருமணிமுத்தாறு காவிரியை அடையும் வரை அதனை ஒட்டிச் செல்வதே எம் நோக்கம். பெயரில் திருவும் மணியும் முத்தும் சேர்ந்த அவ்வாறு, நகரின் சாக்கடை நீரும் சாயக் கழிவும் ஏற்றுக் கரிய நிறத்ததாய்ச் சென்றது. உத்தமசோழபுரத்தில் அதன் கரையிலேயே கரபுரநாதர் கோயில் உளது. பாரி மகளிர்க்கு ஔவையார் மணம் முடித்து வைத்தது அவ்வூரில் என்பது செவிவழிச் செய்தி. அது வரலாறாயினும் ஆகுக, கதையாயினும் ஆகுக. வகுப்பில் பாரி மகளிரைப் பற்றிப் பயிலும் மாணவர்க்கு அவ்வூர்ப் பெயர் தெரிந்திருத்தல் நன்றன்றோ?

அப்பால் வழி ஆற்றைத் தொட்டும் விட்டும் சென்றது. மரவள்ளிக்கிழங்குக் காடுகளும், சவ்வரிசி ஆலைகளின் களங்களில் வெயிலிற் காயும் வெண்மையும், வீடுகளினின்று எழும் விசைத்தறி ஓசையும் மாறி மாறி வந்தன. ஆட்டையாம்பட்டியில் அதன் பெயர்போன முறுக்கை வாங்கிப் பையில் நிரப்பிக்கொண்டோம். பரமத்தியை நெருங்குகையில் ஆற்றோரத்துத் தோட்டத்தில் முதியவர் ஒருவரிடம் குடிநீர் கேட்டோம். அவர் தம் கிணற்று நீரைத் தரவில்லை. வீட்டினுள் சென்று குழாய் நீரைக் கொண்டுவந்து தந்தார். காரணம் வினவியபோது அவர் கூறியது இது: "பஸ்ஸுல போறவங்க பாலம் வந்தா மூக்கப் பொத்திக்குவாங்க, தம்பி. அரை நிமிசத்துல பாலந் தாண்டிப் போயிருமுங்க. நாங்க எங்கீங்க போறது?"

இவ்வொரு வினாவே எம் கட்டுரையின் உயிர்நிலை. விரைந்து செல்வார்க்கு நாட்டின் நோய் அரை நிமிடத்துத் துர்நாற்றம். மெல்லச் செல்வார்க்கோ அது ஒரு குடும்பத்தின் கிணறு. நாட்டுத்தொண்டு என்று மேடையில் பேசுகின்றோம். காணாத நாட்டுக்கு யாது தொண்டு செய்ய இயலும்?

நஞ்சை இடையாற்றில் திருமணிமுத்தாறு காவிரியிற் கலக்கின்றது. அங்கு நிலமே வேறாகின்றது. ஜேடர்பாளையத்தில் காவிரியினின்று பிரியும் ராஜவாய்க்காலின் பாசனத்தில் வாழையும் கரும்பும் செழித்து நிற்கின்றன. அகத்தி மரங்களைப் பற்றி வெற்றிலைக் கொடி ஏறும் கொடிக்கால்கள் வேலூரைச் சூழ்ந்துள்ளன. காவிரியின் போக்கிலே சென்றால் மோகனூர். நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை 1888இல் பிறந்த ஊர் அது. அங்கிருந்து வடக்கே திரும்பி ஏறத்தாழ 18 கிலோமீட்டர் மிதித்தால் நாமக்கல் பாறையும் அதன் கோட்டையும் எதிர்நிற்கும். வழியில் செம்மண் நிலமும், மேயும் ஆடுகளும், நீண்ட கோழிப் பண்ணைகளும் உள. நாமக்கல்லினின்று சேந்தமங்கலம் வழியே சென்றால், எழுபது கொண்டையூசி வளைவுகளுடன் கொல்லிமலைக்கு ஏறும் சாலையின் அடிவாரத்தை அடையலாம். எம் வண்டிகள் அங்கே நின்றுவிட்டன. கால்கள் அதற்கு முன்னரே நின்றிருந்தன!

மோகனூரினின்று அம்மலையடிவாரம் வரை ஒரு பகற்பொழுதின் செலவே. அவ்வொரு பகலில் வயல் சூழ்ந்த மருதமும், மேய்ச்சல் நிலமாகிய முல்லையும், மலையாகிய குறிஞ்சியும் முறையே வந்து நின்றன. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் வகுத்தது. யாமோ கருப்பொருளையும் உரிப்பொருளையும் அட்டவணையாக்கி மனப்பாடம் செய்து, முதற்பொருளைக் காணாமலே தேர்வு எழுதுகின்றோம். வல்வில் ஓரியின் கொல்லி என்று புறநானூற்று வகுப்பில் குறிப்பெழுதுவோருள் அம்மலையை நோக்கி நின்றவர் எத்தனை பேர்? தமிழ் உரைநடைக்குத் தொண்டாற்றிய தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி 1623இல் மதுரையினின்று வடக்கு நோக்கிச் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் சென்றார். பிற நாட்டினர் ஒருவர் நானூறு ஆண்டுகளின் முன் தேடிச் சென்ற ஊர்களை, நல்ல சாலையும் நல்ல வண்டியும் உடைய யாம் காணாதிருத்தல் தகுமா?

இனி, இதற்கு எதிராகக் கூறப்படுவன சில. சாலையில் லாரிகள் மிகுதி, மிதிவண்டி ஆபத்து என்பர். நாமக்கல் லாரித் தொழிலுக்குப் பேர்போன ஊர். ஆகவே இவ்வச்சம் வீண் அன்று. அதற்காகவே நெடுஞ்சாலையை விட்டு ஊர்வழிகளிலும் வாய்க்காற் கரைகளிலும் செல்ல வேண்டும் என்கின்றோம். இங்கிலாந்தில் படகிழுக்கும் குதிரைகளுக்காக இட்ட கால்வாய்க் கரைப் பாதைகள் பல இன்று நடப்பார்க்கும் மிதிவண்டியிற் செல்வார்க்கும் பயன்படுகின்றன. நம் வாய்க்காற் கரைகளையும் முட்செடி நீக்கி, நிழல்மரம் வைத்துப் பேணினால் பெருஞ்செலவின்றி நல்வழி அமையும்.

வெயில் கொடிது என்பர். மார்கழியும் தையும் எதற்கு உள? விடியலிற் புறப்பட்டுப் பத்து மணிக்கு மரநிழலில் தங்கி, மாலையில் மீண்டும் மிதித்தல் உழவரும் வண்டிக்காரரும் கண்ட பழைய முறை.

மாணவியர்க்கு இது ஒவ்வாது என்பாரும் உளர். அவர்க்குப் புதுக்கோட்டையே விடை. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது அம்மாவட்டத்துச் சிற்றூர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். எழுத்தறிவோடு சாலையும் அவர்க்கு உரியதாயிற்று. பள்ளி மாணவியர்க்கு இலவச மிதிவண்டி வழங்கும் திட்டத்தை நம் மாநில அரசு 2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியரிடமிருந்து தொடங்கிப் பின்னர்ப் பிறர்க்கும் விரித்தது. பள்ளிக்குச் செல்லத் தக்க வண்டி பள்ளிக்கு அப்பாலும் செல்லத் தக்கதே. கல்லூரிக்கு வந்தவுடன் அதனைக் கொட்டகையில் சாத்தி, மோட்டார் வண்டி இல்லாமையை இழிவெனக் கருதும் மனப்பான்மையே நீங்க வேண்டியது. அது மாணவர்க்கும் பொருந்தும்.

ஆதலின், கல்லூரித் தலைவர்களுக்கு எம் வேண்டுகோள் இது. ஆண்டுதோறும் தை மாதத்தில் மூன்று நாள் ஒதுக்குக. தமிழ்த்துறையோடு வரலாறு, தாவரவியல், வேதியியல் துறையினரும் உடன் வருக. ஒருவர் கல்வெட்டைப் படிக்க, ஒருவர் மரத்தின் பெயர் கூற, ஒருவர் ஆற்றுநீரைப் புட்டியில் எடுத்துச் சோதிக்கலாம். கண்டதைத் தமிழில் எழுதி இவ்விதழில் வெளியிடுவோம். நாமக்கல் 1997 முதல் தனி மாவட்டம். ஆயினும் சேலத்தின் கழிவு எல்லைக்கோட்டில் நில்லாது அங்குச் செல்கின்றது. அதனை ஆண்டுதோறும் கண்டு எழுதுவார் ஒரு கூட்டத்தார் இருப்பின், ஆற்றைக் காக்கும் கடமை உடையோர்க்கு அது நினைவூட்டலாகும்.

பழைய மாணவர்களாகிய பெரியோர்க்கும் ஒரு சொல். தங்கள் இல்லங்களில் துருவேறி நிற்கும் மிதிவண்டிகளைப் பழுதுபார்த்துக் கல்லூரிக்கு ஈந்தால், வண்டி இல்லாத மாணவரும் எம்முடன் வருவர். சங்கிலிக்கு எண்ணெயும் டயருக்குக் காற்றுமே அவற்றின் தேவை. மிதிப்பதற்கு யாம் உளோம்.