திரும்பி வந்த ஓவியம்



மாலை மயங்கும் வேளை. கிழங்கு தோண்டும் வயலின் நடுவே ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வேலையை நிறுத்திவிட்டுத் தலைதாழ்த்தி நிற்கின்றனர். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருக்கிறார். அப்பெண்மணி கரங்களைக் குவித்திருக்கிறார். காலடியில் ஒரு கூடை. அருகே கைவண்டியில் சாக்குகள். தொலைவில், அடிவானத்தை ஒட்டி, ஒரு கோவில் கோபுரம். மணியோசையைத் தூரிகையால் தீட்ட இயலாது; ஆயினும் பார்ப்பவர் செவியில் அது கேட்கவே செய்கிறது. நம் பாட்டிமார் திரிகால செபம் என்றும், நாம் மூவேளைச் செபம் என்றும் அழைக்கும் மன்றாட்டுக்காக அடிக்கும் மணி அது.

இப்படத்தின் அச்சுப் பிரதியை ஏதேனும் ஒரு கத்தோலிக்க இல்லத்தின் சுவரிலோ, செபப் புத்தகத்தின் ஏடுகளுக்கு இடையிலோ நம்மில் பலர் கண்டிருப்போம். இதனை வரைந்தவர் பிரெஞ்சு நாட்டு ஓவியர் ழான் பிரான்சுவா மில்லே. இன்று உலகம் போற்றும் இவர், தம் காலத்துக் கண்காட்சியின் தேர்வுக்குழுவினரால் ஒருமுறையன்று, பலமுறை திருப்பி அனுப்பப்பட்டவர். இத்திங்கள் அதைப் பற்றியே உங்களோடு சிந்திக்க விழைகிறோம். போட்டிகளும் தேர்வுகளும் மலிந்துவிட்ட இந்நாளில், “நீ தேர்ந்தெடுக்கப்படவில்லை” என்ற சொல்லைக் கேட்டுத் தலைகுனிந்து வீடு திரும்பும் பிள்ளை இல்லாத பங்கு எது?

பாரிசு மாநகரில் ‘சலோன்’ என்ற பெயரால் நடைபெற்ற ஓவியக் கண்காட்சி பதினேழாம் நூற்றாண்டில் தோன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது பெரும்பாலும் ஆண்டுதோறும், இடையே சில காலம் ஈராண்டுக்கு ஒரு முறையும் நடந்தது. ஓவியர்கள் தம் படைப்புகளை அனுப்புவர். தேர்வுக்குழு கூடி அவற்றைப் பார்வையிடும். ஏற்றவற்றை மாட்டி, மற்றவற்றைத் திருப்பி அனுப்பும். மண்டபத்துச் சுவர்களில் கீழிருந்து கூரையருகு வரை படங்கள் நெருங்கித் தொங்கும். பார்ப்போர் கண்ணுக்கு நேராக இடம் கிடைத்தவர் பாக்கியவான். உச்சியில் மாட்டப்பட்ட படத்தைக் காண்பாரில்லை. பதக்கமும், அரசின் ஆதரவும், செல்வந்தரின் கவனமும் அங்கிருந்தே வந்தன. எனவே அக்குழுவின் சொல் ஓர் ஓவியரின் குடும்பத்துக்கு உணவு உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் சொல்லாகவே இருந்தது. மறுக்கப்பட்ட ஓவியத்தின் பின்புறத்தில், அதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் முதலெழுத்தாகிய ‘ஆர்’ முத்திரையாகக் குத்தப்பட்டது. அம்முத்திரையைக் கண்டபின் அப்படத்தை விலைகொடுத்து வாங்க முன்வருவோர் அரியர்.

மில்லே 1814-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 4-ஆம் நாள், அசிசி நகர் புனித பிரான்சிஸ்குவின் திருநாளன்று, நோர்மண்டிக் கடற்கரையை அடுத்த குருஷி என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். ஏர் பிடித்தும் கதிர் அறுத்தும் வளர்ந்தவர் அவர். வயலில் வேலை செய்யும்போது கோவில் மணி ஒலித்தால், அவருடைய பாட்டியார் எல்லாரையும் நிறுத்தி, இறந்த ஏழைகளுக்காக மூவேளைச் செபம் சொல்லச் செய்வாராம். பல ஆண்டுகளுக்குப் பின் அந்த நினைவே தம்மை அப்படத்தை வரையத் தூண்டியது என்று மில்லேயே ஒரு மடலில் எழுதினார். பாட்டியின் செபம் ஒரு பேரனின் உள்ளத்தில் விதையாய்க் கிடந்து ஓவியமாய் முளைத்தது!

1839-இல் இந்த உழவர் மகன் முதன்முறையாகச் சலோனுக்கு ஓர் ஓவியத்தை அனுப்பினார். புனித அன்னம்மாள் தம் மகளாகிய கன்னி மரியாளுக்குக் கற்பிக்கும் காட்சி அது. தேர்வுக்குழு அதை ஏற்கவில்லை. அவருக்குக் கிடைத்துவந்த உதவித்தொகையும் அவ்வாண்டே நின்றது. மறு ஆண்டு ஓர் உருவப்படம் ஏற்கப்பட்டது; 1843-இல் மீண்டும் மறுப்பு. 1844-இல் இளம் மனைவியைக் காச நோய்க்குப் பறிகொடுத்தார். 1849-இல், பாரிசுக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில், ஃபோந்தேன்புளோ காட்டின் ஓரத்திலுள்ள பார்பிசோன் என்ற ஊரில் தம் குடும்பத்தோடு குடியேறினார்.

அவ்வூரில் ஓவியர் குழு ஒன்று தானே உருவாகியிருந்தது. அதற்குச் சட்டதிட்டங்கள் இல்லை, தலைவர் இல்லை, சந்தாவும் இல்லை. மரங்களையும் வானத்தையும் உழவரையும் நேரில் கண்டு வரைய விரும்பிய சிலர், ஒரு விடுதியில் கூடி உண்டு, பகலெல்லாம் காட்டிலும் வயலிலும் வரைந்தனர். அவர்களுள் மூத்தவர் போல் விளங்கியவர் தியடோர் ரூசோ. அதே பெயர் கொண்ட தத்துவ அறிஞர் வேறு. இவர் மரங்களின் ஓவியர். சலோன் இவரை 1836 முதல் ஆண்டுக்கணக்கில் மறுத்துக்கொண்டே இருந்தது. ‘மறுக்கப்பட்ட மாமனிதர்’ என்னும் பொருள்பட மக்கள் இவருக்குப் பட்டப்பெயரே சூட்டிவிட்டனர். மனம் வெறுத்த ரூசோ சில ஆண்டுகள் ஓவியம் அனுப்புவதையே நிறுத்தினார். 1849-இல் மீண்டும் அனுப்பிப் பதக்கம் பெற்றார்.

இனி நாம் சொல்ல விரும்பும் நிகழ்ச்சிக்கு வருவோம். 1855-இல் மில்லே ஓர் ஓவியம் தீட்டினார். உழவர் ஒருவர் மரத்துக்கு ஒட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறார்; அவருடைய மனைவி குழந்தையைக் கையில் ஏந்தி அருகே நின்று பார்க்கிறார். பிற்காலத்தார் உண்ணப்போகும் கனிக்காக இன்று உழைக்கும் தந்தையின் படம் அது. பிள்ளைகள் பெருகிய வீட்டில் மில்லே கடனோடு போராடிய காலம். அப்போது அமெரிக்கர் ஒருவர் அப்படத்தை 4,000 பிராங்குக்கு வாங்க விரும்புவதாக ரூசோ வந்து கூறினார். பணம் கைக்கு வந்தது. வீட்டில் அடுப்பு எரிந்தது. பின்னரே உண்மை வெளிப்பட்டது: அப்படி ஓர் அமெரிக்கரே இல்லை. வாங்கியவர் ரூசோவே! நேரடியாகக் கொடுத்தால் நண்பரின் தன்மானம் புண்படும் என்று அஞ்சி, இல்லாத ஒருவரைப் படைத்து, அவருக்குப் பின்னே தம்மை மறைத்துக்கொண்டார். ஈகையை மறைவில் செய்யுமாறு ஆண்டவர் மலைப்பொழிவில் கற்பித்ததன் பொருளை இதைவிடத் தெளிவாக விளக்க நம்மால் இயலாது.

அதன் பின்னும் மில்லேக்கு மறுப்பு நேர்ந்தது. மரணத்தை எதிர்கொள்ளும் விறகுவெட்டியை அவர் வரைந்த ஓவியத்தை 1859-இல் சலோன் திருப்பி அனுப்பியது. மூவேளைச் செபப் படத்தின் கதையும் இனியதன்று. அதை வரையச் சொன்ன அமெரிக்கர் ஒருவர் வந்து பெற்றுக்கொள்ளவே இல்லை. இறுதியில் 1,000 பிராங்குக்கு அது வேறொருவரிடம் சென்றது. 1889-இல் அதே படம் 5,53,000 பிராங்குக்கு ஏலம் போயிற்று. அதை வரைந்த கை அதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பே மண்ணுக்குள் அடங்கிவிட்டது. இன்று அது பாரிசு ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது.

இவற்றையெல்லாம் கேட்கும்போது, தேர்வுக்குழு என்பதே வேண்டா என்று தோன்றலாம். அதையும் அவர்கள் செய்து பார்த்தனர். 1848-இல், புரட்சியை அடுத்து, அனுப்பியவை அனைத்தும் மாட்டப்பட்டன. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளுக்கு நடுவே நல்லது எது, அல்லது எது எனக் காண்போர் திகைத்தனர். மறு ஆண்டே தேர்வுக்குழு திரும்பி வந்தது. எனவே தேர்வு தேவையே. தம் படைப்பைப் பிறர் கண்ணால் காணக் கற்பதும் கலைஞருக்கு ஒரு தவம். ஆனால் குழுவின் முன் நிற்பது ஒரு படைப்பு மட்டுமே. அதைப் படைத்தவரின் ஆன்மாவை எடைபோடும் தராசு எந்த மண்டபத்திலும் இல்லை. அத்தீர்ப்பு இறைவனுக்கே உரியது.

இவ்வேறுபாட்டை மறந்தால் நேரும் கேடு மிகப் பெரிது. 1866-இல், அதற்கு முன் அக்கண்காட்சியில் இடம்பெற்றிருந்த ஓர் ஓவியர், தம் படைப்பு மறுக்கப்பட்டதும், தமக்குத் திறமையே இல்லை என முடிவுகட்டித் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். படத்தின் மீது குத்தப்பட்ட முத்திரையை அவர் தம் மீதே குத்தியதாகக் கொண்டுவிட்டார். அந்நாளில் அவர் அருகில் ஒரு ரூசோ இருந்திருந்தால்? இக்கேள்விக்கு நம்மால் விடை கூற இயலாது. ஆயினும் கேளாதிருக்கவும் இயலவில்லை. தேர்வு முடிவுகள் வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும் நம் நாட்டில் எத்தனை இல்லங்களில் இதே துயரம் நிகழ்கிறது!

காலம் மாறியது. மறுக்கப்பட்டவர்கள் தீர்ப்பிடும் இருக்கைக்கு அழைக்கப்பட்டனர். 1867-இல் பாரிசில் நடந்த உலகப் பொருட்காட்சியின் ஓவியத் தேர்வுக்குழுவுக்கு ரூசோ தலைவரானார். 1870-இல் மில்லே சலோன் தேர்வுக்குழுவில் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டில், இளம் ஓவியர் மோனேயின் படைப்பைக் குழு மறுத்தபோது, பார்பிசோன் நண்பர்களுள் ஒருவரான தோபினி அதற்கு எதிர்ப்புத் தெரிவித்துத் தம் பதவியைத் துறந்தார். தாம் பட்ட காயத்தைப் பிறருக்கும் கொடுத்துப் பழிதீர்ப்போர் உலகில் பலர். அக்காயத்தால் கண் திறக்கப்பெற்றவர் சிலரே. பள்ளியிலும் பங்கிலும் பிள்ளைகளுக்கு மதிப்பெண் இடும் நிலையில் உள்ள நம்மவர் எந்த வகையினர்?

1867 டிசம்பர் 22-ஆம் நாள், மில்லே அருகிருக்க, ரூசோ பார்பிசோனில் இறந்தார். ரூசோவின் மனைவி நெடுங்காலமாக மனநோயால் துன்புற்றிருந்தார். அவரைப் பேணும் பொறுப்பை மில்லே ஏற்றுக்கொண்டார். ஒன்பது பிள்ளைகளின் தந்தை, தம் சுமையோடு நண்பரின் சுமையையும் தோளில் ஏற்றினார்! 1875 ஜனவரி 20-இல் மில்லேயும் கண்மூடினார். அப்போது முதிய ஓவியர் கோரோ, மில்லேயின் விதவைக்கும் பிள்ளைகளுக்கும் 10,000 பிராங்கு கொடுத்து உதவினார். அடுத்த திங்களே கோரோவும் இறைவனடி சேர்ந்தார். மில்லேயும் ரூசோவும் ஷாயி என்னும் ஊரின் கல்லறைத் தோட்டத்தில் அருகருகே துயில்கின்றனர். மூவேளைச் செபப் படத்தின் அடிவானத்தில் தெரிவது அவ்வூர்க் கோவிலின் கோபுரமே.

வாசகர்களே, கலைஞர் குழு என்பது இதற்காகவே. கண்காட்சி நடத்துவதும் பரிசளிப்பதும் அதன் வெளித்தோற்றம். ஏற்கப்படாத ஓவியத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்புகிறவரோடு சேர்ந்து நடப்பதே அதன் உயிர். குடும்பமும் அவ்வாறே, பங்கும் அவ்வாறே.

ஆதலால் பெற்றோரிடம் ஒன்று வேண்டுகிறோம். உங்கள் மகன் ஓவியப் போட்டியிலிருந்தோ, மகள் தேர்விலிருந்தோ வெறுங்கையோடு திரும்பும் மாலையில், “பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்ததே” என்ற சொல் உங்கள் நாவில் எழ வேண்டா. முதலில் உணவிடுங்கள். பிறகு அப்படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நீல வண்ணத்தை ஏன் அங்கே இட்டாய் என்று கேளுங்கள். அவன் சொல்வதைச் செவிமடுங்கள். குறை இருந்தால் மறுநாள் சொல்லலாம்; அதையும் மறைக்க வேண்டுவதில்லை. பின்னர், வீட்டில் எல்லார் கண்ணுக்கும் நேரே ஒரு நல்ல இடம் பார்த்து அதை மாட்டுங்கள். எந்தத் தேர்வுக்குழுவும் அச்சுவரின் மீது அதிகாரம் உடையதன்று.

பிள்ளைகளே, உங்களிடமும் ஒன்று. தாலந்து உவமையில் தலைவர் கேட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். பரிசு பெற்றாயா என்று அவர் கேட்கவில்லை; பெற்றதைப் புதைத்து வைத்தவனையே கடிந்துகொண்டார். ஆகவே தூரிகையைப் புதைத்துவிடாதீர்கள்.

ஓவியர்களின் பாதுகாவலராகத் திருச்சபை போற்றும் புனித லூக்காஸின் திருநாள் அக்டோபர் 18. அன்று, வரைகின்ற கைகளுக்காகவும், தேர்ந்தெடுக்கின்ற கண்களுக்காகவும், திரும்பி வருகின்றவரை வாயிலில் நின்று வரவேற்கும் இல்லங்களுக்காகவும் மன்றாடுவோமாக. அதுவரை காத்திருப்பானேன்? இன்று மாலை கோவில் மணி ஒலிக்கும்போது, அவ்வயலில் நின்ற இருவரைப் போல, நாமும் ஒரு நொடி வேலையை நிறுத்தித் தலைதாழ்த்துவோம்.